உயர் கல்வியில் வலையமைப்புத் தொழில்நுட்பம்: ஏற்பதும் பயன்பெறுவதும்

2021-22-ஆம் கல்வியாண்டில் நமது நாட்டில் உயர் கல்வி பயின்றோரின் எண்ணிக்கை சுமார் 4.33 கோடி என அகில இந்திய உயர் கல்வி ஆய்வறிக்கை கூறுகிறது. 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம் ஆகும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2035-ஆம் ஆண்டிற்குள் இவ்விகிதத்தை 50 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று இலக்கு வகுத்துள்ளது. இதற்குக் குறைந்தது 3.5 கோடிப் புதிய இடங்கள் தேவைப்படும் என்பதும் அக்கொள்கையிலேயே சுட்டப்பட்டுள்ளது.

இத்தனை மாணவர்களுக்கும் கட்டடங்களை எழுப்பி, தகுதி வாய்ந்த ஆசிரியர்களை நியமித்து, நூலகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் அமைத்து முடிப்பது எளிதன்று. எனவேதான், கணிப்பொறிகளையும் செயற்கைக்கோள்களையும் கண்ணாடி இழைகளையும் கொண்டு பாடத்தை மாணவரிடம் கொண்டு சேர்க்கும் வழி திட்டமிடுவோரின் கவனத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளது. இவ்வழி நமக்குப் புதிதன்று. ஐம்பது ஆண்டுகளாக இதனைப் பல வடிவங்களில் முயன்று பார்த்திருக்கிறோம். அம்முயற்சிகள் கற்றுத் தந்தவை யாவை, இனி இத்தொழில்நுட்பத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் கருத்திற்கொள்ள வேண்டியவை யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையமைப்புக் கல்வி என்பது யாது?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஒரு பேராசிரியர் உரையாற்றும்போது, பாடம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டுப் பல இடங்களைச் சென்றடைகிறது. ஆனால் கேட்பவரின் ஐயம் பேராசிரியரிடம் திரும்பிச் செல்வதில்லை. இதனை ஒலிபரப்பு முறை எனலாம். வலையமைப்பு முறையிலோ மூன்று வகை இணைப்புகள் உள்ளன. மாணவருக்கும் பாடப்பொருளுக்கும் இடையிலான இணைப்பு ஒன்று; மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலானது மற்றொன்று; மாணவர்கள் தமக்குள் கலந்து பேசும் இணைப்பு மூன்றாவது. மூன்றும் ஒருங்கே இயங்கும்போதுதான் அது வலையமைப்புக் கல்வி என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டம் இதற்கு நல்ல சான்று. தனி மாணவருக்குக் கணிப்பொறி பாடம் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. பின்னர்ப் பல முனைகள் ஒரே கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டன. 1973-ஆம் ஆண்டில் பயனாளர்கள் குறிப்புகளை எழுதி வைத்து, ஒருவருக்கொருவர் விடையளிக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது. கணிப்பொறியோடு மட்டும் உறவாட வந்தவர்கள் தமக்குள்ளும் உறவாடத் தொடங்கினர். கற்றல் என்பது பாடத்தைப் பெறுவதோடு முடிவதில்லை என்பதை இது காட்டிற்று.

கடந்து வந்த பாதை

நமது நாட்டில் தொலைநிலைக் கல்வி 1962-ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வியோடு பிறந்தது. அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் சென்றன. விடைத்தாள்கள் அஞ்சலில் திரும்பின. வேகம் குறைவாயினும் அது இருவழிப் போக்குவரத்து என்பதை மறத்தலாகாது.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை அடுத்த பெரும் முயற்சியாகும். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையால் ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் நேரடியாக அனுப்பப்பட்டன. அது பல்கலைக்கழகக் கல்விக்கென அமைந்ததன்று. எனினும் தொலைவு ஒரு தடையன்று என்ற நம்பிக்கையை நாட்டிற்கு அளித்தது அதுவே.

அந்நம்பிக்கையின் அடிப்படையில் பல்கலைக்கழக மானியக் குழு 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற நிகழ்ச்சியை இன்சாட்-1பி வாயிலாகத் தொடங்கியது. சிறு நகரங்களில் பயிலும் பட்டப் படிப்பு மாணவர்களின் அறிவு எல்லையை விரிவாக்குவது அதன் நோக்கம். 1982-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும், 1985-ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. கல்விக்கெனவே வடிவமைக்கப்பட்ட 'எடுசாட்' செயற்கைக்கோள் 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2010-ஆம் ஆண்டு வரை பணியாற்றியது. அதன் நிலையங்களுள் சிலவற்றில் மாணவர் திரும்பப் பேசும் வசதி இருந்தது. ஏனையவற்றில் கேட்கும் வசதி மட்டுமே இருந்தது.

செயற்கைக்கோள்களுக்கு இணையாகக் கணிப்பொறி வலையமைப்பும் வளர்ந்து வந்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மின்னணுத் துறை 1986-ஆம் ஆண்டு தொடங்கிய 'எர்நெட்' என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில், பம்பாய், தில்லி, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், அத்துறையும் பங்கேற்றன. பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல்தான். ஆகவே, நம் நாட்டில் இணையத்தை முதலில் பயன்படுத்தியவர்கள் கல்வியாளர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் 'இன்ஃப்ளிப்நெட்' திட்டம் 1991-ஆம் ஆண்டில் தொடங்கியது. தொழில்நுட்பக் கழகங்களின் பேராசிரியர்கள் ஆற்றும் விரிவுரைகளை நாடு முழுவதற்கும் பொதுவுடைமை ஆக்கும் 'என்.பி.டி.இ.எல்.' திட்டம் 2003-இல் உருப்பெற்றது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் வாயிலான தேசியக் கல்வி இயக்கம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1,500-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை அதிவேகக் கண்ணாடி இழைகளால் பிணைக்கும் 'தேசிய அறிவு வலையமைப்பு' 2010-ஆம் ஆண்டில் 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அனுமதிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று 'சுவயம்' தளமும், 'சுவயம் பிரபா' என்ற பெயரில் 32 தொலைக்காட்சி அலைவரிசைகளும் தொடங்கி வைக்கப்பட்டன. தேசிய எண்மின் நூலகம் 2018-இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பட்டியல் நீண்டதுதான். கருவிகளைப் பெறுவதில் நாம் பின்தங்கிவிடவில்லை என்பதை அது உணர்த்துகிறது. பெற்ற கருவிகள் வகுப்பறையின் அன்றாட வாழ்வில் எந்த அளவு இடம் பெற்றன என்பதே ஆராய வேண்டிய வினா.

ஒரு கல்லூரியில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர் அலுவல் நிமித்தமாக வட மாநிலம் ஒன்றின் மாவட்டத் தலைநகரில் உள்ள கல்லூரி ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. மாடியில் செயற்கைக்கோள் ஏற்பிக் கிண்ணம் ஒன்று துருவேறி நின்றது. அதற்கென ஒதுக்கப்பட்ட அறை பூட்டிக் கிடந்தது. சாவி ஓர் எழுத்தரிடம் இருப்பதாகவும், அவர் விடுப்பில் இருப்பதாகவும் கூறினர். நிகழ்ச்சி வரும் நேரமும் கல்லூரியின் கால அட்டவணையும் ஒரு நாளும் பொருந்தி வந்ததில்லை என்று முதல்வர் விளக்கினார். அவர் கூற்றில் மறைப்பு ஏதுமில்லை.

அதே கல்லூரியின் படிக்கட்டில் ஒரு மாணவி தமது கைபேசியில் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஒருவரின் புள்ளியியல் விரிவுரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பொருளாதாரம் பயில்பவர். ஒட்டுறவுச் சமன்பாட்டில் ஓரிடத்தில் குறி ஏன் மாறுகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. அப்பகுதியை நான்கு முறை திரும்பப் பார்த்ததாகக் கூறினார். துறையில் இரண்டு ஆசிரியர் இடங்கள் காலியாக இருந்தன. இருந்த ஒருவர் மூன்று ஆண்டு வகுப்புகளையும் கவனித்து வந்தார். நானும் பொருளாதார மாணவனாக இருந்தவன் ஆதலால், அங்கேயே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பத்து நிமிடங்கள் ஆயின.

நாட்டின் தலைசிறந்த பேராசிரியரின் பாடம் அம்மாணவியின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களைத் தருவதற்கு அங்கே ஆளில்லை. வலையமைப்புக் கல்வியின் வெற்றியும் தோல்வியும் அந்தப் பத்து நிமிடங்களைப் பொறுத்தே அமையும் என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று.

செலவுக் கணக்கு

இதனைப் பொருளாதார நோக்கில் காண்போம். கல்வியின் செலவில் இரு கூறுகள் உள்ளன. மாணவர் எண்ணிக்கை எவ்வளவாயினும் மாறாத செலவு ஒன்று. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே ஆகும் செலவு மற்றொன்று. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரு பாடத்தின் விரிவுரைகளைப் பதிவு செய்ய 20 லட்சம் ரூபாய் ஆவதாகக் கொள்வோம். நூறு மாணவர் பயின்றால் தலைக்கு 20,000 ரூபாய் விழுகிறது. ஒரு லட்சம் மாணவர் பயின்றால் அது 20 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. மேலும் ஒருவர் சேர்ந்து பார்ப்பதால் மற்றவருக்குக் குறைவு ஏதும் நேர்வதில்லை. பொதுப் பண்டத்தின் இலக்கணம் இதுவே. ஆதலால் இத்தகைய பாடங்களை அரசு பொதுப் பணத்தில் உருவாக்கி இலவசமாக வழங்குவது முற்றிலும் பொருத்தமானது.

இனி மற்றொரு கூறினைக் காண்போம். ஒரு பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் பத்துப் பயிற்சிகள் எழுதுவதாகவும், ஒன்றைப் படித்துத் திருத்திக் குறிப்பெழுத ஆசிரியருக்குப் பதினைந்து நிமிடங்கள் ஆவதாகவும் கொள்வோம். ஒரு மாணவருக்கு இரண்டரை மணி நேரம். 40 மாணவருக்கு 100 மணி நேரம். 400 மாணவருக்கு 1,000 மணி நேரம். மாணவர் பெருகப் பெருக இங்கே தலைக்கு ஆகும் செலவு குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை வினாக்களைக் கணிப்பொறி நொடியில் திருத்திவிடும். ஆயினும் ஒரு கட்டுரையின் வாதம் எங்கே பிசகியது என்பதையோ, மாணவரின் எண்ணம் எந்தப் படியில் வழிதவறியது என்பதையோ அறிந்து கூற இன்னும் ஆசிரியரின் நேரம் வேண்டியுள்ளது. அண்மையில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதில் ஓரளவு துணை செய்யக்கூடும். அவை தரும் விடையைச் சரிபார்க்கவும் பாடம் அறிந்த ஒருவர் அருகில் இருத்தல் அவசியம்.

வில்லியம் பாமால், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1966-ஆம் ஆண்டில் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்தபோது, நால்வர் சேர்ந்து இசைக்கும் ஓர் உருப்படியை இசைக்க எந்தக் காலத்திலும் அதே நால்வரும் அதே நேரமும் தேவை என்பதைச் சுட்டிக் காட்டினர். தொழிற்சாலையில் உழைப்பின் உற்பத்தித் திறன் உயர்வது போல் அங்கே உயர்வதில்லை. போதனைக்கும் இது பெரிதும் பொருந்தும். தொழில்நுட்பம் விரிவுரையின் செலவை வெகுவாகக் குறைக்கிறது. வழிகாட்டுதலின் செலவை அந்த அளவு குறைப்பதில்லை. ஆகவே விரிவுரையில் மிச்சமாகும் நேரத்தை வழிகாட்டுதலுக்குத் திருப்பிவிடுவதே உண்மையான ஆதாயம். மிச்சமான நேரத்தை ஆசிரியர் பணியிடக் குறைப்பாக மாற்றிவிட்டால், அது சிக்கனமாகக் கணக்கில் தோன்றுமேயன்றிக் கல்வியில் இழப்பாகவே முடியும்.

இன்னொரு செலவும் உண்டு. அது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம் பெறுவதில்லை. கைபேசி, அலைவரிசைக் கட்டணம், மின்சாரம், அமைதியான ஓர் இடம் ஆகியவற்றை வகுப்பறையில் நிறுவனம் தருகிறது. வலையமைப்புக் கல்வியில் மாணவரே தேடிக்கொள்கிறார். நிறுவனத்தின் செலவு குறைந்ததாக நாம் மகிழும்போது, அதன் ஒரு பகுதி மாணவர் குடும்பத்தின் தோளுக்கு மாறியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

எட்டியவரும் எட்டாதவரும்

கொரோனா நோய்த்தொற்றுக் காலம் இவ்வுண்மையை வெளிச்சமிட்டுக் காட்டியது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகங்கள் சில வாரங்களிலேயே இணைய வழிக்கு மாற வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன்னர் எடுக்கப்பட்ட 2017-18-ஆம் ஆண்டுக்குரிய தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று அளித்த விவரங்கள் இங்கு நினைவுகூரத்தக்கவை. நாட்டின் குடும்பங்களில் கணிப்பொறி வைத்திருந்தவை 10.7 சதவீதம், இணைய வசதி பெற்றிருந்தவை 23.8 சதவீதம். கிராமப்புறங்களில் இவ்விரண்டும் முறையே 4.4 சதவீதமும் 14.9 சதவீதமும் ஆகும், நகர்ப்புறங்களில் 23.4 சதவீதமும் 42 சதவீதமும் ஆகும். கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்டவை கிராமப்புறங்களில் அமைந்துள்ளன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் இடைவெளியின் ஆழம் விளங்கும்.

அதன் பின்னர் கைபேசிகள் பெருகியுள்ளன. அலைவரிசைக் கட்டணமும் முன்னைக் காலத்தை நோக்கக் குறைவுதான். ஆயினும் கைபேசியும் கணிப்பொறியும் ஒன்றல்ல. விரிவுரையைக் காணக் கைபேசி போதும்; பத்துப் பக்க ஆய்வுக் கட்டுரை எழுதவும், புள்ளிவிவரப் பட்டியலைக் கணக்கிடவும் அது போதாது. வீட்டில் ஒரே கைபேசி இருக்கும் நிலையில் அது யார் கைக்குச் செல்லும் என்பதும் எண்ணத்தக்கது. வகுப்பு நேரத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒருங்கே அது தேவைப்பட்டால், பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவர் தங்கையாகவே இருக்கிறார்.

இங்கே ஒரு கொள்கை வினா எழுகிறது. நல்ல கல்லூரியும் நல்ல நூலகமும் வாய்த்த மாணவருக்கு வலையமைப்பு ஒரு கூடுதல் வசதி. அவை வாய்க்காதவருக்கு அதுவே முதல் வசதி. இருவருக்கும் ஒரே சேவையை ஒரே வகையில் அளித்தால், முன்னேறியவரே மேலும் முன்னேறுவார். ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் எண்ணத்தோடு கொண்டு வரப்பட்ட கருவி அதனைப் பெருக்கும் கருவியாகவும் ஆகலாம்.

தேர்வும் கிரெடிட்டும்

மாணவர் ஒரு பாடத்தை மனமொன்றிப் பயில வேண்டுமானால் அதற்குப் பட்டப் படிப்பில் மதிப்பு இருத்தல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகள், ஒரு பருவத்தில் ஒரு படிப்பின் பாடங்களில் 20 சதவீதம் வரை சுவயம் வாயிலாகப் பயில இடமளித்தன. 2021-ஆம் ஆண்டின் விதிகள் இவ்வரம்பை 40 சதவீதமாக உயர்த்தின. அதே ஆண்டில், மாணவர் பல நிறுவனங்களில் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் 'கல்விக் கிரெடிட் வங்கி'க்கான விதிகளும் வெளியாயின. இவை நான்காவது ஓர் இணைப்பை, அதாவது நிறுவனத்திற்கும் நிறுவனத்திற்கும் இடையிலான இணைப்பை ஏற்படுத்துகின்றன.

சுவயம் பாடம் ஒன்றில் நான்கு கூறுகள் இருத்தல் வேண்டும் என்பது நெறி. காணொளி விரிவுரை, படிப்பதற்கான பாடப்பொருள், தன்மதிப்பீட்டுப் பயிற்சி, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் ஆகியவையே அவை. பாடத்தில் சேரக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று கண்காணிப்பின் கீழ்த் தேர்வு எழுதுகின்றனர். பயிற்சிகள் வீட்டிலிருந்தே எழுதப்பட்டாலும் இறுதித் தேர்வு நேரில் நடைபெறுவதால் சான்றிதழின் நம்பகத்தன்மை காக்கப்படுகிறது.

ஆயினும் உலகெங்கும் இத்தகைய திறந்த பாடங்களில் பெயர் பதிவு செய்வோரில் சிறு பகுதியினரே இறுதிவரை செல்கின்றனர். இதற்கு மாணவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. நான்கு கூறுகளுள் முதல் மூன்றும் ஒரு முறை ஆயத்தம் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும். நான்காவதான கலந்துரையாடலுக்கோ ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து விடை எழுத வேண்டும். செலவு குறையாத கூறு அதுவே. அது தளரும்போது பாடம் மீண்டும் ஒலிபரப்பாகிவிடுகிறது.

ஆசிரியரின் இடம்

புதிய தொழில்நுட்பத்தை ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள் என்று சிலர் கூறுவதுண்டு. இது முழு உண்மையன்று. ஓர் ஆசிரியரின் பணிச்சுமை வாரத்திற்கு இத்தனை வகுப்பு மணிகள் என்றே கணக்கிடப்படுகிறது. இணையத்தில் மாணவர் கேள்விக்கு இரவு அமர்ந்து விடையெழுதும் நேரம் அக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. சுவயம் பாடத்தை ஏற்கும் கல்லூரி, மாணவருக்கு வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே கூறின. அவருக்குரிய மணிகளைக் கால அட்டவணையில் ஒதுக்காத கல்லூரியில் அந்நியமனம் காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

வெளியிலிருந்து வரும் விரிவுரை தமது இடத்தைப் பறித்துவிடுமோ என்ற அச்சமும் ஆசிரியருக்கு இயல்பானதே. நல்ல பாடநூல்கள் வந்ததால் ஆசிரியர் தேவையற்றவராகிவிடவில்லை. குறிப்புகளைச் சொல்லி எழுத வைக்கும் வேலையிலிருந்து அவர் விடுபட்டார். பதிவு செய்யப்பட்ட விரிவுரையையும் அவ்வாறே ஒரு பாடநூலாகக் கருதலாம். மாணவர் அதனை முன்னதாகப் பார்த்து வரட்டும். வகுப்பு நேரம் வினாவுக்கும் விளக்கத்திற்கும் கணக்குப் பயிற்சிக்கும் பயன்படட்டும். இம்முறையில் ஆசிரியரின் பணி குறைவதில்லை, மேலும் நுட்பமாகிறது. அதற்கேற்ற பயிற்சியும் அவருக்கு அளிக்கப்பட வேண்டும்.

மொழியும் ஆய்வுக்கூடமும்

தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்து வரும் மாணவருக்கு, வேகமான ஆங்கில விரிவுரை இரட்டைச் சுமை. பொருளையும் மொழியையும் அவர் ஒருங்கே சமாளிக்க வேண்டியுள்ளது. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியுள்ளது. மென்பொருள்களைக் கற்பிக்கும் அதன் குறுகிய பாடங்களில் திரையில் தோன்றும் ஆணைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். விளக்கும் குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிக்கும். வேலைக்கு வேண்டிய கலைச்சொற்களும் கைவருகின்றன, பொருளும் விளங்குகிறது. பாடங்கள் குறுகியவையாதலால் மொழிமாற்றுவதும் திருத்துவதும் எளிது.

அறிவியல் பாடங்களுக்கு ஆய்வுக்கூடம் இன்றியமையாதது. தில்லித் தொழில்நுட்பக் கழகம் முன்னின்று, பிற நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கிய மெய்நிகர் ஆய்வுக்கூடங்களில் மாணவர் பல சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரிக்கு இது பெரிய உதவி. ஆனால் அளவுக் குழாயைக் கையில் பிடித்துத் துளித் துளியாகக் கரைசலை விடும் பழக்கம் திரையில் வாராது. மெய்நிகர் ஆய்வுக்கூடத்தை முன்பயிற்சியாகக் கொண்டு, மெய்யான ஆய்வுக்கூடத்தில் சில நாட்களேனும் பயிற்சி அளிப்பதே சரியான முறையாகும்.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவதாக, வழிகாட்டும் ஆசிரியரின் நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். ஒரு பாடத்தை வலையமைப்பு வழியாக ஏற்கும் துறை, இத்தனை மாணவருக்கு வாரம் இத்தனை மணி என முன்கூட்டியே அறிவித்தல் நலம்.

இரண்டாவதாக, மாணவரின் வீட்டிலுள்ள வசதியை நம்பித் திட்டமிடலாகாது. கல்லூரியின் கணிப்பொறி அறையும் நூலகமும் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருத்தல் வேண்டும். புதிய கருவிகளை வாங்குவதைவிட இருக்கும் அறையின் சாவியை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்ப்பது பல இடங்களில் அதிகப் பயன் தரும்.

மூன்றாவதாக, முதன்முறை நிதி ஒதுக்கீட்டோடு பராமரிப்புக்கும் தொடர் ஒதுக்கீடு வேண்டும். மூலதனச் செலவுக்குப் பணம் கிடைத்து, பழுது பார்க்கப் பணம் கிடைக்காத நிலையால்தான் முந்தைய முயற்சிகளின் கருவிகள் பல முடங்கின.

நான்காவதாக, முன்னேற்றத்தை அளக்கும் அளவுகோலை மாற்ற வேண்டும். எத்தனை பாடங்கள் ஏற்றப்பட்டன, எத்தனை பேர் பெயர் பதிந்தனர் என்பவை முயற்சியின் அளவுகள். எத்தனை பேர் முடித்தனர், அவர்களுள் கிராமப்புறத்தினரும் பெண்களும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் எத்தனை பேர், கேட்கப்பட்ட ஐயத்திற்கு எத்தனை நாளில் விடை கிடைத்தது என்பவையே பயனின் அளவுகள். ஆண்டறிக்கைகளில் இவை இடம் பெறத் தொடங்கினால் நிர்வாகத்தின் கவனமும் அத்திசையில் திரும்பும்.

முடிவுரை

அஞ்சல் முதல் செயற்கைக்கோள் வரையிலும், செயற்கைக்கோள் முதல் கண்ணாடி இழை வரையிலும் நாம் கடந்து வந்த தொலைவு சாதாரணமானதன்று. பாடத்தைக் கடைக்கோடி மாணவரிடம் சேர்ப்பது என்ற பழைய சிக்கல் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. மாணவரின் வினாவை, விடை கூறக்கூடிய ஒருவரிடம் சேர்ப்பது என்ற சிக்கல் எஞ்சி நிற்கிறது. இதனைக் கம்பியாலும் கருவியாலும் மட்டும் தீர்க்கவியலாது. பணியிடங்களாலும், பணி நேரத்தாலும், நிர்வாகத்தின் அக்கறையாலும் தீர்க்க வேண்டும்.

2035-ஆம் ஆண்டிற்குள் உயர் கல்விக்கு வரவிருக்கும் கோடிக்கணக்கான இளைஞர்களில் பலர், தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்களாக இருப்பார்கள். ஐயம் எழும்போது வீட்டில் கேட்க அவர்களுக்கு ஆளிருக்காது. கல்லூரியிலேனும் ஆளிருக்க வேண்டும். அவர்களுக்கு அந்தப் பத்து நிமிடங்களை உறுதி செய்வதே வலையமைப்புத் தொழில்நுட்பத்தை ஏற்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலில் மேற்கொள்ள வேண்டிய பொறுப்பாகும்.